பெரிய ஜன்னலுக்கு சன் பிலிம்: கம்ப்யூட்டர் அறையில் பாதுகாப்பாக ஒட்டுவது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது: "மதியம் மூன்று மணிக்கு மேல் ஸ்கிரீனில் எதுவுமே சரியாகத் தெரியவில்லை. அறையும் அனலாக இருக்கிறது. ஜன்னல் கண்ணாடியில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடலாமா?"

ஒட்டலாம். சன் பிலிம், கூலிங் ஸ்டிக்கர் என்று கடைகளில் பல பெயர்களில் விற்கிறார்கள். சிறிய கண்ணாடி என்றால் ஒரு மணி நேர வேலைதான். ஆனால் சுவரின் பாதியை அடைத்து நிற்கும் பெரிய கண்ணாடி என்றால் கொஞ்சம் யோசித்துச் செய்ய வேண்டும். 120 செ.மீ. அகலமும் 180 செ.மீ. உயரமும் கொண்ட 6 மி.மீ. கண்ணாடி சுமார் 32 கிலோ எடை இருக்கும். பொருத்தமில்லாத பிலிமை ஒட்டினால் இந்தக் கண்ணாடி வெயிலில் தானாகவே விரிசல் விடக்கூடும். அதன் கீழேதான் உங்கள் மேஜையும் நாற்காலியும் இருக்கும். எனவே வாங்கும்போது "எவ்வளவு கறுப்பு?" என்று மட்டும் கேட்காதீர்கள். "வெயிலின் சூடு எங்கே போகிறது?" என்பதுதான் முக்கியமான கேள்வி. இந்த மாதம் அதைப் பற்றிப் பார்ப்போம்.

முதலில் மேஜையைத் திருப்புங்கள்

பிலிம் வாங்கும் முன் செலவில்லாத ஒரு வேலையைச் செய்து பாருங்கள். ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் அதன் வெளிச்சம் ஸ்கிரீனில் விழுந்து பிரதிபலிக்கும். ஜன்னல் மானிட்டருக்குப் பின்னால் இருந்தால் கண் கூசும், ஸ்கிரீன் மங்கலாகத் தெரியும். ஜன்னல் பக்கவாட்டில் வரும்படி மேஜையைப் போடுங்கள். பலருக்குப் பாதிப் பிரச்சினை இதிலேயே தீர்ந்துவிடும்.

மீதி இருப்பது சூடு. பல லேப்டாப்களின் கையேட்டில் அறை வெப்பநிலை 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று குறிப்பிட்டிருப்பார்கள். நம் ஊர்க் கோடையில் நேரடி வெயில் படும் மேஜை இந்த அளவைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

எந்த ஜன்னலுக்கு ஒட்ட வேண்டும்?

எல்லா ஜன்னலுக்கும் பிலிம் தேவையில்லை. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேர் மேலே இருக்கும். இந்த மாதங்களில் தெற்கு ஜன்னலில் நேர் வெயில் அதிகம் விழாது. சிறிய சன்ஷேடு இருந்தாலே போதும். ஆனால் மாலையில் சூரியன் இறங்கும்போது மேற்கு ஜன்னலில் வெயில் படுத்தவாக்கில் நுழையும். அதைச் சன்ஷேடால் தடுக்க முடியாது. கிழக்கு ஜன்னலில் காலையில் இதே கதை. ஆகவே முதலில் மேற்கு, அடுத்து கிழக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக்கு வெளியே மூங்கில் திரையோ தட்டியோ தொங்கவிட வசதி இருந்தால் அது பிலிமைவிட நல்லது. வெயிலைக் கண்ணாடியைத் தொடும் முன்பே அது நிறுத்திவிடும். மாடி வீடு, பலத்த காற்று, வெளியே ஆணி அடிக்க அனுமதியில்லை என்பது போன்ற காரணங்கள் இருந்தால் பிலிமுக்கு வாருங்கள்.

பிலிம் வகைகள்

சன் பிலிம் என்பது ஒரு பக்கம் பசை தடவிய மெல்லிய பாலியஸ்டர் தாள். பொதுவாக மூன்று வகை கிடைக்கும்.

1. சாயம் ஏற்றிய பிலிம்: விலை குறைவு. வெளிச்சத்தைக் குறைக்கும். சூட்டைத் திருப்பி அனுப்பாமல் தானே உறிஞ்சிக்கொள்ளும். சில வருடங்களில் நிறம் வெளுத்து ஊதாவாக மாறக்கூடும்.

2. உலோகப் பூச்சு பிலிம்: வெளியிலிருந்து பார்த்தால் கண்ணாடி போல மின்னும். சூட்டில் ஒரு பகுதியை வெளியே திருப்பி அனுப்பும். ஆனால் மொபைல், வை-பை சிக்னலையும் ஓரளவு தடுக்கும்.

3. செராமிக் பிலிம்: விலை அதிகம். வெளிச்சத்தை அதிகம் குறைக்காமல் சூட்டைக் குறைக்கும். உலோகம் இல்லாததால் சிக்னலைப் பாதிப்பதில்லை.

வெயிலில் வரும் சக்தியில் சுமார் பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள். எனவே கறுப்பாக இருப்பதெல்லாம் சூட்டைத் தடுக்கும் என்று நினைக்க வேண்டாம். மலிவான கறுப்பு பிலிமைவிட, தெளிவாகத் தெரியும் நல்ல செராமிக் பிலிம் அதிகச் சூட்டைத் தடுப்பது உண்டு.

பகலில் வெளியே இருப்பவர்களுக்கு உள்ளே தெரியாது என்பதற்காகச் சிலர் மின்னும் பிலிமை வாங்குவார்கள். எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் அது கண்ணாடி போலத் தெரியும். இரவில் விளக்கைப் போட்டால் நிலைமை தலைகீழ். வெளியே இருப்பவர்களுக்கு உங்கள் அறை நன்றாகத் தெரியும். இரவுக்குத் திரைச்சீலை கட்டாயம் வேண்டும்.

கண்ணாடி ஏன் விரிசல் விடுகிறது?

இதுதான் இந்தப் பாடத்தின் மையம். வெயில் பட்ட கண்ணாடியின் நடுப்பகுதி சூடாகி விரிய முயலும். பிரேமுக்குள் புதைந்திருக்கும் ஓரங்கள் குளிர்ச்சியாகவே இருக்கும். நடுப்பகுதி விரிய, ஓரம் இழுபடும். கண்ணாடி அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. வெட்டும்போது ஓரத்தில் ஒரு சிறு சில்லு உதிர்ந்திருந்தால் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். சாதாரணக் கண்ணாடியில் நடுவுக்கும் ஓரத்துக்கும் வெப்ப வித்தியாசம் சுமார் 30 முதல் 40 டிகிரியைத் தொட்டாலே ஆபத்து.

6 மி.மீ. தெளிவான கண்ணாடி வெயிலின் சக்தியில் சுமார் 15 சதவிகிதத்தைத்தான் தானே உறிஞ்சும். மீதியில் பெரும்பகுதி உள்ளே போய்விடும். அதன் மேல் சூட்டை உறிஞ்சும் பிலிமை ஒட்டினால் கண்ணாடி பல மடங்கு சூட்டைச் சுமக்க நேரிடும்.

பிலிமின் விவரத் தாளில் மூன்று எண்கள் இருக்கும்: உள்ளே விடும் சூரிய சக்தி, திருப்பி அனுப்புவது, உறிஞ்சுவது. மூன்றையும் கூட்டினால் 100 வரும். உதாரணமாக ஒரு பிலிமில் 40, 15, 45 என்றும் இன்னொன்றில் 40, 30, 30 என்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் உள்ளே விடுவது ஒன்றுதான். ஆனால் இரண்டாவது பிலிம் கண்ணாடியைக் குறைவாகச் சூடாக்கும். பெரிய கண்ணாடிக்கு அதுவே நல்லது. விவரத் தாளே இல்லாத பிலிமைப் பெரிய ஜன்னலுக்கு வாங்காதீர்கள்.

கார் பிலிமை வீட்டில் ஒட்டலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். கார்களின் பக்கக் கண்ணாடி பெரும்பாலும் சூட்டைத் தாங்கும் டஃபன்டு கண்ணாடி. வீட்டில் இருப்பது பெரும்பாலும் சாதாரணக் கண்ணாடி. அங்கே தாக்குப்பிடிக்கும் கறுப்பு பிலிம் இங்கே விரிசலுக்குக் காரணமாகிவிடும். 2012-ல் உச்ச நீதிமன்றம் கறுப்பு பிலிமுக்கு விதித்த தடையைச் சொல்லியும் சிலர் தயங்குகிறார்கள். அந்தத் தீர்ப்பு வாகனங்களைப் பற்றியது, வீட்டு ஜன்னலைப் பற்றியது அல்ல.

உங்கள் கண்ணாடி எந்த வகை?

பிலிம் வாங்கும் முன் இவற்றைக் கவனியுங்கள்.

- மூலையில் அழியாத சிறிய முத்திரை இருக்கிறதா? டஃபன்டு கண்ணாடியில் பெரும்பாலும் இருக்கும். சூட்டால் விரிசல் விடும் பயம் இதில் மிகக் குறைவு.

- இரட்டைக் கண்ணாடியா? இருட்டிய பின் போன் டார்ச்சைக் கண்ணாடி அருகே சாய்வாகக் காட்டுங்கள். ஒற்றைக் கண்ணாடியில் இரண்டு பிம்பங்கள் தெரியும். நடுவில் காற்று அடைத்த இரட்டைக் கண்ணாடியில் நான்கு தெரியும். இதற்கு உறிஞ்சும் பிலிம் கூடவே கூடாது. பிலிம் கம்பெனி சம்மதித்த ரகத்தை மட்டுமே ஒட்ட வேண்டும்.

- கம்பி வலை பதித்த கண்ணாடி, ஏற்கெனவே நிறமுள்ள கண்ணாடி, லேமினேட் செய்த கண்ணாடி: விற்பனையாளரிடம் கண்ணாடிப் பொருத்த அட்டவணையைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

- ஓரத்தில் சில்லு, கீறல், பழைய விரிசல்: முதலில் கண்ணாடியை மாற்றுங்கள். பிலிம் அப்புறம்.

- சொரசொரப்பான பூக் கண்ணாடி: மழமழப்பான பக்கத்தில் மட்டுமே பிலிம் ஒட்டும்.

- கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஷீட்: ஜன்னல் பிலிம் வேண்டாம். குமிழ் குமிழாக எழும்பிவிடும்.

ஒட்டிய பிறகு கனமான திரைச்சீலை கண்ணாடியைத் தொடக்கூடாது. ஏ.சி. காற்று நேராகக் கண்ணாடி மேல் அடிக்கக்கூடாது. சோபா, பீரோ போன்றவற்றைக் கண்ணாடியை ஒட்டி வைக்கக்கூடாது. இவை எல்லாமே கண்ணாடியின் ஒரு பகுதிக்கும் இன்னொரு பகுதிக்கும் வெப்ப வித்தியாசத்தைக் கூட்டும்.

போனில் இரண்டு சோதனைகள்

கடையில் கையகல சாம்பிள் கேட்டு வாங்குங்கள். ஆண்ட்ராய்டு போன் இருந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம்.

முதல் சோதனை, வெளிச்சம். இலவச லக்ஸ் மீட்டர் ஆப் ஒன்றை நிறுவுங்கள். ஜன்னல் அருகே போனை மேஜையில் வைத்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு போனின் மேல் ஓரத்தில் உள்ள சென்சாரைச் சாம்பிளால் மூடி மீண்டும் பாருங்கள். 1,000 என்பது 500 ஆகக் குறைந்தால் அது 50 சதவிகித பிலிம். இதைத்தான் கடையில் வி.எல்.டி. என்பார்கள். கண்ணாடி தன் பங்குக்கும் கொஞ்சம் குறைக்கும். 88 சதவிகிதம் வெளிச்சம் விடும் கண்ணாடியில் 50 சதவிகித பிலிமை ஒட்டினால் உள்ளே வருவது 44 சதவிகிதம். படிக்கும், டைப் செய்யும் அறைக்கு 35-க்குக் கீழே நான் போவதில்லை. பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தால் என்ன லாபம்?

இரண்டாவது சோதனை, சிக்னல். போனின் செட்டிங்ஸில் அபவுட் போன் பகுதிக்குச் சென்று சிம் ஸ்டேட்டஸைத் திறங்கள் (போனுக்குப் போன் பெயர் சற்று மாறும்). சிக்னல் அளவு டி.பி.எம். கணக்கில், மைனஸ் 85 என்பது போலத் தெரியும். போனை மேஜையில் வைத்தபடியே, அதை முழுவதும் மூடுமாறு சாம்பிளை ஒரு சுற்றுச் சுற்றி ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். மைனஸ் 85 என்பது மைனஸ் 95 ஆனால் சிக்னல் பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று அர்த்தம். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இன்டர்நெட் பார்ப்பவர்களுக்கு இந்தச் சோதனை மிக அவசியம். வீட்டுக்குள்ளேயே ரௌட்டர் இருந்தால் அறைக்குள் வை-பை வேகம் குறையாது. பால்கனியில் உட்கார்ந்தால்தான் வித்தியாசம் தெரியும்.

அளவும் கணக்கும்

கண்ணாடியின் அகலம், உயரம் இரண்டையும் செ.மீ. கணக்கில் மூன்று இடங்களில் அளந்து, பெரிய அளவை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் 5 செ.மீ. கூட்டிப் பெருக்கி, 929 ஆல் வகுத்தால் சதுர அடி கிடைக்கும். 120 x 180 கண்ணாடிக்கு 125 x 185 = 23,125. வகுத்தால் சுமார் 25 சதுர அடி. நான்கைந்து ஜன்னல் இருந்தால் எக்செல்லில் ஒரு வரிக்கு ஒரு ஜன்னலாகப் போட்டு இந்தக் கணக்கைச் செய்து பாருங்கள். புதிதாக எக்செல் பழகுபவர்களுக்கு நல்ல பயிற்சி.

பல பிலிம்கள் 152 செ.மீ. (5 அடி) அகல ரோலில் வருகின்றன. இதைவிடக் கண்ணாடியின் இரண்டு பக்கமும் பெரிதாக இருந்தால் நடுவில் இணைப்பு வரும். வாங்கும் முன் ரோலின் அகலத்தைக் கேளுங்கள்.

ஒட்டும் முன்: கம்ப்யூட்டர், மின்சாரம், ஏணி

இந்த வேலையில் லிட்டர் கணக்கில் தண்ணீர் தெளிக்க வேண்டும். கம்ப்யூட்டரை முறையாக ஷட் டவுன் செய்து, எல்லா பிளக்குகளையும் பிடுங்கி, முடிந்தால் அடுத்த அறைக்கே கொண்டு போய்விடுங்கள். நகர்த்த முடியாவிட்டால் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரை மட்டும் மூடாதீர்கள், சூடாகிவிடும்.

யு.பி.எஸ்.ஸைச் சுவரிலிருந்து பிடுங்கினாலும் உள்ளே பேட்டரி இருப்பதால் அதன் பின்பக்க சாக்கெட்டில் மின்சாரம் இருக்கும். அதன் சொந்த பட்டனை அழுத்தி அணைக்க வேண்டும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் மெயினை அணைத்த பிறகும் சில பிளக் பாயின்ட்களில் கரன்ட் வரும். ஜன்னலுக்குக் கீழே உள்ள பாயின்ட்டுக்கு இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு, மேலே பாலிதீன் ஒட்டி மூடுங்கள்.

ஏணியைக் கண்ணாடி மேல் சாய்க்கக் கூடாது. தானே நிற்கும் ஏ வடிவ ஏணிதான் வேண்டும், அதையும் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். பிலிம் ஒட்டுவது அறையின் உள்பக்கம்தான். வெளிப்பக்கத்தைத் துடைக்கிறேன் என்று மாடி ஜன்னலில் எட்டிச் சாயாதீர்கள். கண்ணாடியைப் பிரேமிலிருந்து கழற்றவும் வேண்டாம். குழந்தைகளை அறைக்குள் விடாதீர்கள்.

ஒட்டும் முறை

தேவையானவை: ஸ்பிரே பாட்டில், ரப்பர் வைப்பர், புது பிளேடு போட்ட கட்டர், ஸ்டீல் ஸ்கேல், நூல் உதிராத துணி, செல்லோ டேப், பேபி ஷாம்பூ. போர் தண்ணீரில் உப்பு இருந்தால் பிலிமுக்கு அடியில் கறை நின்றுவிடும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரோ ஆர்.ஓ. தண்ணீரோ எடுத்து, லிட்டருக்குச் சில சொட்டு ஷாம்பூ கலந்துகொள்ளுங்கள்.

மேற்கு ஜன்னலுக்குக் காலை நேரம் சரி. சூடான கண்ணாடியில் தண்ணீர் உடனே காய்ந்து பிலிம் நகராமல் பிடித்துக்கொள்ளும். பேனை நிறுத்துங்கள், தூசி பறக்கும்.

1. கண்ணாடியை ஸ்பிரே செய்து வைப்பரால் துடையுங்கள். இப்படி மூன்று முறை. ஓரத்து ரப்பரில் ஒளிந்திருக்கும் மண்ணைத் துணியால் எடுங்கள். ஒட்டிய பெயின்ட் துளிகளைப் பிளேடால் சுரண்டலாம். டஃபன்டு கண்ணாடியில் பிளேடு வேண்டாம், கீறல் விழக்கூடும்.

2. பிலிமை நாலு பக்கமும் 2.5 செ.மீ. கூடுதலாக வெட்டுங்கள்.

3. மூலையில் முன்னும் பின்னும் இரண்டு செல்லோ டேப் துண்டுகளை ஒட்டி எதிரெதிராக இழுத்தால் பாதுகாப்புத் தாள் பிரியும். ஒருவர் பிரிக்க, இன்னொருவர் பசைப் பக்கத்தில் ஸ்பிரே செய்துகொண்டே வர வேண்டும். பெரிய பிலிமைத் தனி ஆளாகப் பிரித்தால் அது தன்மேலேயே ஒட்டிக்கொண்டு வீணாகிவிடும்.

4. கண்ணாடியையும் நன்றாக நனைத்து, இருவரும் ஆளுக்கொரு மேல் மூலையைப் பிடித்து மேலிருந்து கீழாகப் படிய விடுங்கள். ஈரமாக இருக்கும்வரை இப்படியும் அப்படியும் நகர்த்திச் சரி செய்யலாம்.

5. பிலிமின் வெளிப்பக்கத்தையும் நனைத்து, மேலே குறுக்காக ஒரு முறையும், பிறகு நடுவிலிருந்து இரு ஓரங்களை நோக்கியும் வைப்பரை இழுங்கள்.

6. ஓரங்களில் 1 முதல் 2 மி.மீ. இடைவெளி விட்டு வெட்டுங்கள். பிலிம் ரப்பரைத் தொட்டால் தண்ணீர் வெளியேறாது, ஓரமும் தூக்கிக்கொள்ளும். பிளேடை அழுத்தாதீர்கள். பிலிம் மட்டும்தான் வெட்டுப்பட வேண்டும். கண்ணாடி ஓரத்தில் விழும் கீறல் நாளைய விரிசல்.

7. மீண்டும் ஒருமுறை வைப்பரை இழுத்து, ஓரத்துத் தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுங்கள்.

ஒட்டிய பின்

முதல் மூன்று நாள் ஜன்னலை நகர்த்த வேண்டாம். சிறு தண்ணீர்க் குமிழ்களும் பனிமூட்டம் போன்ற மங்கலும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தானாக மறையும். ஊசியால் குத்தாதீர்கள். 30 நாள் கழித்துத்தான் துடைக்க வேண்டும். அதற்கும் அமோனியா கலந்த கிளீனர் ஆகாது. சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும்.

முதல் சில வாரம் மாலை வேளையில் கண்ணாடியின் ஓரங்களைக் கவனித்து வாருங்கள். பிரேமிலிருந்து செங்குத்தாகக் கிளம்பும் கோடு தெரிந்தால் அது சூட்டினால் வந்த விரிசல். பிலிமை உரிக்காதீர்கள், துண்டுகளை ஓரளவுக்காவது பிடித்து வைத்திருப்பது அதுதான். நாற்காலியை அப்புறப்படுத்திவிட்டு, யாரும் அருகே போகாதபடி அறையை மூடிக் கண்ணாடிக்காரரை அழையுங்கள். சாதாரண சன் பிலிமின் தடிமன் சுமார் 50 மைக்ரான்தான். உடைந்த பெரிய கண்ணாடியைத் தாங்க அது போதாது. அதற்கென்றே 100 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள சேஃப்டி பிலிம் தனியாக இருக்கிறது.

நாமே செய்வதா, ஆள் வைப்பதா?

தரையில் நின்றே மேல் ஓரம் எட்டுகிறது, ஒற்றைக் கண்ணாடி, உதவிக்கு ஒருவர் இருக்கிறார் என்றால் நீங்களே செய்யலாம். முதலில் ஒரு சிறிய ஜன்னலில் பழகிவிட்டுப் பெரியதற்குப் போங்கள். இரட்டைக் கண்ணாடி, மாடிப்படி மேல் உள்ள உயர ஜன்னல், உள்பக்கம் கம்பி கிரில் மறைக்கும் ஜன்னல் ஆகியவற்றைத் தொழில் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். அப்போதும் பில்லில் பிலிமின் பெயர், ரகம், அது உங்கள் கண்ணாடிக்குப் பொருந்தும் என்ற குறிப்பு மூன்றையும் எழுதி வாங்குங்கள். பின்னால் விரிசல் விட்டால் பேசுவதற்கு உங்கள் கையில் இருப்பது அந்தத் தாள் மட்டுமே.